தேய்த்தால் தடிக்கும் பழுப்புத் திட்டுகள்: குழந்தைகளின் தோல் மாஸ்டோசைட்டோசிஸ்

மூன்று, நான்கு மாதக் குழந்தையின் முதுகிலும் வயிற்றிலும் இளம்பழுப்பு நிறத்தில் சில திட்டுகள் தெரியும். வீட்டில் முதலில் கொசுக்கடி என்பார்கள். ஒரு மாதமாகியும் மறையாவிட்டால் தேமல், மச்சம், சூட்டுக் கொப்புளம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். குளிப்பாட்டித் துவட்டும்போது அந்தத் திட்டுகள் மட்டும் சிவந்து தடிக்கும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் பழையபடி அடங்கிவிடும். குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் இந்த ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னாலே தோல் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இதன் பெயர் தோல் மாஸ்டோசைட்டோசிஸ். அரிதான நோய். பெயரை இணையத்தில் தேடினால் எலும்பு மஜ்ஜை, இரத்தப் புற்று என்றெல்லாம் வந்து நிற்கும். அவற்றில் பெரும்பகுதி பெரியவர்களுக்கு வரும் வகையைப் பற்றியது. குழந்தைகளின் நோய் போகும் பாதை வேறு. பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: திட்டு எந்த வகை? உடம்பில் எவ்வளவு பரப்பை அது பிடித்திருக்கிறது? வகையைப் பார்த்தால் நோய் எத்தனை காலம் இருக்கும் என்று ஓரளவு சொல்லலாம். பரப்பைப் பார்த்தால் ஆபத்து எவ்வளவு என்று சொல்லலாம்.

மாஸ்ட் செல்கள் எல்லோர் உடம்பிலும் உண்டு. எலும்பு மஜ்ஜையில் பிறந்து தோல், குடல், மூச்சுக்குழாய் ஆகிய இடங்களில் போய்த் தங்குபவை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஹிஸ்டமின், ஹெப்பரின், டிரிப்டேஸ் ஆகிய வேதிப்பொருள்கள் அடங்கிய துகள்கள் நிறைந்திருக்கும். ஒவ்வாமையோ உராய்வோ சூடோ தூண்டினால் செல் இந்தச் சரக்கை வெளியே கொட்டும். தோல் சிவந்து, தடித்து, அரிக்கும். இந்த நோயில் தோலின் சில இடங்களில் மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடுகின்றன. காரணம், அவற்றின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் கிட் என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம். 2010-இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில் 50 குழந்தைகளின் தோல் மாதிரிகளைச் சோதித்தபோது 86 சதவீதத்தில் கிட் மாற்றம் இருந்தது. இந்த மாற்றம் பெரும்பாலும் கரு உருவான பிறகு குழந்தையின் சில செல்களில் மட்டும் நேர்வது. பெற்றோரிடமிருந்து வருவது மிக அரிது. கர்ப்பகாலத்தில் அம்மா சாப்பிட்ட எதற்கும் இதில் பங்கில்லை. இன்னொருவருக்குத் தொற்றாது. இதை மாமியார் வீட்டாரிடமும் மருத்துவரே சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. பழி சுமக்கும் தாய்மார்கள் நிறைய.

காணாக்கடியோடு இதைக் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடக்கிறது. வேறுபாட்டை வீட்டிலேயே பார்க்கலாம். காணாக்கடித் தடிப்பு 24 மணி நேரத்துக்குள் அந்த இடத்திலிருந்து மறைந்து வேறு இடத்தில் எழும். மறைந்த இடம் சுத்தமாக இருக்கும். இங்கே திட்டு அதே இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும். தடிப்பு மட்டும் வந்து போகும். பேனாவால் ஒரு திட்டைச் சுற்றிக் கோடு போட்டு மறுநாள் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மருத்துவர் செய்யும் சோதனைக்கு டாரியர் குறி என்று பெயர். மரத்தாலான நாக்கு அழுத்தியை எடுத்து, மிதமான அழுத்தத்தில் திட்டின் மேல் 5 முறை இழுப்பார்கள். சில நிமிடங்களில் திட்டு மட்டும் மேடாக எழும், சுற்றிலும் சிவப்பு படரும். பக்கத்தில் இருக்கும் சாதாரணத் தோலையும் அதேபோல் இழுத்து ஒப்பிட வேண்டும், ஏனென்றால் சிலருக்கு எந்தத் தோலைக் கீறினாலும் தடிக்கும். நம் மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அதனால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து மேட்டின் நிழலைப் பார்ப்பதும், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பதும் நம்பகமான வழி. குழந்தை ஏற்கெனவே அலர்ஜி சிரப் குடித்துக்கொண்டிருந்தால் குறி மங்கலாகத் தெரியலாம். பெரிய கட்டி போன்ற திட்டிலும், உடம்பு முழுக்கப் பரவிய வகையிலும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே ஒரு தேய்ப்பில் வெளிவரும் ஹிஸ்டமினே முகம் சிவந்து இரத்த அழுத்தம் இறங்கப் போதும். உறவினர்களுக்குக் காட்டுவதற்காக வீட்டில் தேய்த்துப் பார்ப்பதும் வேண்டாம்.

வகைகளுக்கு வருவோம். ஒன்று முதல் மூன்று திட்டுகள் மட்டும் இருந்தால் மாஸ்டோசைட்டோமா. மஞ்சள் கலந்த பழுப்பில், தொட்டால் பதனிட்ட தோல் துண்டுபோல் தடிப்பாக, ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சிறு குழிகளோடு இருக்கும். சில வருடங்களில் தானாகவே அமுங்கிப் போய்விடும். இதற்கு அறுவை சிகிச்சை அநேகமாகத் தேவையில்லை.

நான்கு, அதற்கு மேல் என்றால் புள்ளிப் பரவல் வகை. பழைய நூல்களில் யூர்ட்டிகேரியா பிக்மென்டோசா என்று இருப்பது இதுதான். லண்டனில் 1869-இல் நெட்டில்ஷிப் முதலில் பதிவு செய்தார். அந்தத் திட்டுகளில் மாஸ்ட் செல்கள் குவிந்திருப்பதை 1887-இல் ஜெர்மனியின் உன்னா காட்டினார். இதற்குள்ளேயே இரண்டு முகங்கள் உண்டு. திட்டுகள் பல அளவில், பெரிதும் சிறிதுமாக, தலை, கழுத்து, கைகால் என்று ஒழுங்கில்லாமல் இருந்தால் நல்ல செய்தி: பெரும்பாலானவர்களுக்கு வளரிளம் பருவத்துக்குள் வெளுத்து மறைந்துவிடும். எல்லாம் ஒரே அளவில், சிறியதாக, வட்டமாக, இருபக்கமும் சமமாக உடலிலும் தொடையிலும் இருந்தால் அது பெரியவர்களுக்கு வரும் வகையை ஒத்தது. நீடிக்கும் வாய்ப்பும், உள்ளுறுப்புகளில் இருக்கும் வாய்ப்பும் அதிகம். இந்தக் குழந்தைகளைக் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும். இந்த இரண்டில் எது என்பதுதான் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாவது, உடம்பு முழுக்கப் பரவும் வகை; இங்கே வெறுமனே பரவல் வகை என்றால் இதுதான், புள்ளிப் பரவல் அல்ல. மிக அரிது, கவனம் அதிகம் வேண்டியதும் இதுதான். பிறந்த சில மாதங்களுக்குள் கிட்டத்தட்ட உடம்பு முழுக்கத் தோல் தடித்து, மாவு பிசைந்ததுபோல் மடிப்பாகி, லேசாக உரசினாலும் கொப்புளம் எழும். கொப்புளங்களில் இரத்தம் கலந்திருக்கலாம். சின்னம்மை, சீழ்க்கொப்புளம், பிறவித் தோல் உரியும் நோய் என்று பல பெயர்களில் சிகிச்சை நடந்து நாள் போய்விடும். இந்தக் குழந்தைகளுக்குத்தான் மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி, குடலில் இரத்தக்கசிவு ஆகியவை நேரக்கூடும். கொப்புளம் வரும் போக்கு, எந்த வகையானாலும், பெரும்பாலும் மூன்று வயதுக்குள் ஓய்ந்துவிடும்.

ஐயம் இருந்தால் ஒரு திட்டிலிருந்து சிறு பயாப்சி, அதாவது தோல் துணுக்கு, எடுத்து மாஸ்ட் செல்களை அடையாளம் காட்டும் டொலுயிடின் நீலம், சிடி117, டிரிப்டேஸ் சாயங்களில் பார்ப்பார்கள். எடுக்கும்போது உள்ளூர் மரப்பூசியைத் திட்டுக்குள்ளேயே செலுத்தாமல் சுற்றிலும் செலுத்துவது முறை. ஊசியே மாஸ்ட் செல்களைத் தூண்டிவிட்டால் மாதிரியில் அவற்றைக் காண்பது கடினமாகும்.

இரத்தப் பரிசோதனையில் முக்கியமானது டிரிப்டேஸ். பல ஆய்வகங்களில் இயல்பின் மேல் எல்லை மில்லிலிட்டருக்கு 11.4 நானோகிராம். 20-க்கு மேல் போனால் உள்ளுறுப்பு நோயைக் குறிக்கும் துணை அளவுகோல்களில் ஒன்று. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் 26 என்று பார்த்ததும் நெஞ்சு படபடக்கும். ஆனால் பரவல் வகையில் தோலில் இருக்கும் செல்களே இந்த எண்ணை 20-க்கு மேல் தூக்கிவிடும். மஜ்ஜை சுத்தமாக இருக்கும். ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மீண்டும் எடுத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தோல் வெளுத்துவரும்போது எண்ணும் இறங்கினால் சரியான திசையில் போகிறது. கிட் மரபணுவில் டி816வி என்ற குறிப்பிட்ட மாற்றத்தை இரத்தத்தில் தேடும் நுண்ணிய பரிசோதனை உண்டு; கிடைத்தால் உள்ளுறுப்பையும் பார்க்க வேண்டிய தேவை கூடும்.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை எல்லாக் குழந்தைக்கும் வேண்டியதில்லை. கல்லீரல், மண்ணீரல், நெறிக்கட்டிகள் வீங்கியிருத்தல், இரத்த அணுக்களின் எண்ணிக்கையில் விளக்கம் இல்லாத மாற்றம், டிரிப்டேஸ் தொடர்ந்து ஏறுதல், இவை இருந்தால்தான் அந்தப் பேச்சே. முகம் சிவக்கிறது, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி இருக்கிறது என்பதால் மட்டும் நோய் உள்ளே பரவிவிட்டது என்று ஆகாது. தோலில் கொட்டும் ஹிஸ்டமின் இரத்தத்தில் கலந்து குடலையும் தொந்தரவு செய்யும். இந்த ஒரு விஷயம் புரியாமல் எத்தனையோ குழந்தைகள் தேவையற்ற ஊசிக் குத்தல்களுக்கு ஆளாகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

வீட்டில் செய்ய வேண்டியதில் பாதி, உராய்வையும் சூட்டையும் குறைப்பதுதான். கைக்குழந்தையை எண்ணெய் தேய்த்து, உருட்டிப் பிடித்து, கைகால் இழுத்து, ஆவி பறக்கும் வெந்நீரில் குளிப்பாட்டும் வழக்கத்தை இந்தக் குழந்தைக்கு நிறுத்திவிட வேண்டும். எண்ணெய் பூசலாம், தேய்க்கக் கூடாது. நலங்கு மாவு, கடலை மாவு, பயத்த மாவு எதுவும் வேண்டாம். மணமில்லாத மென்மையான சோப்பு போதும். தண்ணீர் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தில் சூடாகவும் தெரியாமல் குளிராகவும் தெரியாமல் இருக்க வேண்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அரைஞாண் கயிறு, இறுக்கமான ஜட்டி எலாஸ்டிக், டயப்பர் விளிம்பு, கார் சீட் பெல்ட் ஆகியவை திட்டின் மேல் உராய்ந்தால் அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தடிக்கும். தலையில் திட்டு இருந்தால் மொட்டை போடுவதைத் தள்ளிவையுங்கள். நேர்த்திக்கடன் தவிர்க்க முடியாதென்றால் சவரக்கத்தியை விட்டுவிட்டுக் கத்தரியாலோ டிரிம்மராலோ எடுக்கச் சொல்லுங்கள். ஏசி அறையிலிருந்து சித்திரை வெயிலுக்கும், வெயிலிலிருந்து குளிர்ந்த நீச்சல் குளத்துக்கும் சட்டென்று போவதும் தூண்டும். நீண்ட நேர அழுகையும் காய்ச்சலும் தூண்டும்.

கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். தானாக உடைந்தால் சுத்தமான நீரால் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டாத துணிக்கட்டு போட்டு, மேலே சுற்றுத்துணியால் கட்டுங்கள். தோலில் நேராக பிளாஸ்திரி ஒட்டினால் அதைப் பிய்க்கும்போது புதுக் கொப்புளம் வரும். நம் வீடுகளில் புண்ணென்றால் கை போவது நியோஸ்போரின் பவுடருக்கு. அதில் பாலிமிக்சின்-பி இருக்கிறது. மாஸ்ட் செல்களைத் தூண்டும் மருந்துகளின் பட்டியலில் உள்ளது அது. தொற்று இருந்தால் மியூபிரோசின் அல்லது ஃபியூசிடிக் அமிலக் களிம்பை மருத்துவர் எழுதித் தரலாம். தொற்று ஏற்படாத கொப்புளம் பெரும்பாலும் வடுவில்லாமல் ஆறிவிடும்.

உணவைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தோலில் எதுவாவது வந்தால் கத்திரிக்காய், கருவாடு, நண்டு, முட்டை எல்லாம் கரப்பான் பண்டம் என்று நிறுத்துவது நம் வழக்கம். இந்த நோய்க்கு எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் பத்தியம் என்று ஒன்று கிடையாது. ஒரே உணவுக்குப் பிறகு ஓரிரு மணி நேரத்தில் மீண்டும் மீண்டும் தொந்தரவு வந்தால் அந்த ஒன்றை மட்டும் மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள். வளரும் குழந்தையிடமிருந்து முட்டையையும் மீனையும் பறிப்பதால் திட்டு ஒன்றுகூட வெளுக்காது.

மருந்துக் கடையில்தான் கவனம் வேண்டும். இருமல் சிரப்புகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், கோடீன் இரண்டும் தூண்டும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் பெரும்பாலும் பிரச்சினை செய்யாது: எடையில் கிலோவுக்கு 15 மி.கி., குறைந்தது 6 மணி நேர இடைவெளியில். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி.; 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப்பில் இது 3 மி.லி., 125 மி.கி. உள்ளதில் 6 மி.லி. பாட்டில் மாறினால் அளவும் மாறும், அட்டையைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஐபுபுரூஃபென், மெஃபனமிக் அமிலம் வேறு கதை. பல குழந்தைகள் இவற்றைத் தாங்குவார்கள். ஏற்கெனவே கொடுத்து எதுவும் ஆகவில்லையென்றால் தடை சொல்லத் தேவையில்லை. முதல்முறை என்றால், அதுவும் திட்டுகள் நிறைய இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள். நம் ஊரில் பாராசிட்டமாலோடு மெஃபனமிக் அமிலம் சேர்ந்த சிரப் சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது, பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் தெரியாமல் உள்ளே போய்விடும். காய்ச்சலில் குளிர்ந்த நீர் ஒத்தடமும் வேண்டாம்.

தடுப்பூசியை நிறுத்தவே கூடாது. நான்கைந்து திட்டு உள்ள குழந்தைக்கு அட்டவணைப்படியே போடலாம். ஊசி திட்டின் மேல் விழாமல் பார்த்துக்கொண்டு, அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு வரலாம். பரவல் வகைக்கு மட்டும் ஏற்பாடு வேறு. 6-வது வாரத்தில் ஒரே நாளில் பல ஊசி போடுவதைப் பிரித்து, முன்கூட்டியே அலர்ஜி மருந்து கொடுத்து, மருத்துவமனையில் வைத்துப் போடுவார்கள்.

சிகிச்சை என்பது ஹிஸ்டமினை அடக்குவது. திட்டுகளை விரட்டும் மாத்திரை குழந்தைகளுக்கு வழக்கத்தில் இல்லை. முதல் தேர்வு, தூக்கம் அதிகம் வராத எச்1 மருந்துகள், அதாவது அலர்ஜி மருந்துகள். செட்டிரிசின் 6 மாதத்துக்கு மேல் நாளுக்கு 2.5 மி.கி.யில் தொடங்கும், 2 முதல் 5 வயதுவரை 2.5 முதல் 5 மி.கி. அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால் இரவில் ஹைட்ராக்சிசின் சேர்ப்பார்கள். அதன் சொட்டு மருந்து சிரப்பைவிட அடர்த்தி கூடியது; மில்லிலிட்டர் கணக்கை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றினால் அளவு மீறிவிடும். வயிற்று எரிச்சல், வலி இருந்தால் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஃபமோட்டிடின் போன்ற எச்2 மருந்து; வயிற்றுப்போக்கு அடங்காவிட்டால் வாய்வழி குரோமோலின். மாஸ்டோசைட்டோமா அடிக்கடி தொந்தரவு செய்தால் மோமெட்டசோன் அல்லது ஃப்ளூட்டிகசோன் களிம்பைச் சில வாரம் தடவலாம். அழுத்தித் தேய்த்தால் களிம்பே தடிப்பைக் கிளப்பும். விரல்நுனியால் ஒற்றிப் பரப்புங்கள். அறிகுறியே இல்லாத குழந்தைக்குத் தினமும் மருந்து தேவையா என்றால், என் கருத்தில் தேவையில்லை.

அட்ரினலின் ஊசியை எல்லா வீட்டிலும் வைத்திருக்க வேண்டியதில்லை. பரவல் வகை, உடம்பில் பெரும்பகுதி திட்டுள்ளவர்கள், டிரிப்டேஸ் கூடியவர்கள், முன்பே ஒருமுறை மயங்கி விழுந்தவர்கள், இவர்களுக்குக் கட்டாயம். வெளிநாட்டில் கிடைக்கும் பேனா வடிவ ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. அதனால் 1 மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஆம்பூலும் (சிறு கண்ணாடிக் குப்பி), 1 மி.லி. சிரிஞ்சும் வைத்துக்கொள்ள வேண்டும். அளவு கிலோவுக்கு 0.01 மி.லி.: 10 கிலோவுக்கு 0.1, 20 கிலோவுக்கு 0.2, 30 கிலோவுக்கு 0.3 மி.லி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் நேராகக் குத்த வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் கோடுகள் யூனிட்டில் இருக்கும், ஊசியும் குட்டை. பதற்றத்தில் கணக்கு தவறும். உங்கள் குழந்தையின் அளவில் சிரிஞ்சின் மேல் நிரந்தர மையால் கோடு போட்டுத் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு முறை எடை கூடும்போதும் கோட்டையும் மாற்றுங்கள்.

முகம் மட்டும் சிவந்து குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் தூண்டியதை விலக்கி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, அலர்ஜி சிரப் போதும். குழந்தை வெளுத்துத் துவண்டுபோனாலோ, மூச்சு இரைத்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து மயங்கினாலோ அட்ரினலின்தான். சிரப்பை ஊற்றிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், தூக்கி நிறுத்தாதீர்கள். மூச்சுத்திணறல் இருந்தால் மட்டும் சாய்ந்து உட்காரவிடலாம். 108-ஐ அழையுங்கள். 5 நிமிடம் கழித்தும் தேறவில்லையென்றால் இரண்டாவது ஊசி. மருத்துவமனையில் முடிந்தால் முதல் 4 மணி நேரத்துக்குள் டிரிப்டேஸுக்கு இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அதைச் சாதாரண நாள் அளவோடு ஒப்பிட்டால்தான் நடந்தது என்னவென்று தெரியும். அதற்காகவே சாதாரண நாள் ரிப்போர்ட்டைக் கோப்பில் வைத்திருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை, பல் சிகிச்சை எதுவானாலும் மயக்க மருத்துவரிடம் முந்தைய நாளே சொல்லுங்கள். அட்ராகூரியம், மைவாகூரியம், மார்ஃபின் ஆகியவற்றைத் தவிர்ப்பார்கள். புரோபோஃபால், ஃபென்டனில், ரோகுரோனியம் போன்றவை பொதுவாக ஏற்றவை. அறை குளிரக் கூடாது, குழந்தை பயந்து அழக் கூடாது. இவை மருந்தளவுக்கே முக்கியம்.

ஆறு மாதத்துக்கொருமுறை அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து முதுகையும் வயிற்றையும் படமெடுத்து வையுங்கள். தடிப்பு முதலில் குறையும், பிறகு திட்டு தட்டையாகும், நிறம் கடைசியில்தான் போகும். அதனால் நிறம் அப்படியே இருக்கிறதே என்று சோர்ந்துபோக வேண்டாம். 15, 16 வயதாகியும் திட்டுகள் மறையவில்லையென்றால் கணக்கு மாறுகிறது. பெரியவர்களில் தோலில் இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மஜ்ஜையிலும் இருக்கும். அப்போது டிரிப்டேஸை மீண்டும் எடுத்து, இரத்தத்தில் டி816வி மாற்றத்தையும் தேடி, எலும்பின் அடர்த்தியையும் பார்த்து, பழைய படங்கள், ரிப்போர்ட்டுகளோடு பெரியவர்களுக்கான இரத்தநோய் மருத்துவரிடம் போக வேண்டும்.